ஆடிக்காற்றின் வானத்தை வரைதல்

மலையும் மரமும் இல்லாமல் வானத்தை மட்டும் வரைந்து பழகுவது, ரொமான்டிக் காலத்து ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் விட்டுச்சென்ற பயிற்சி. 1821, 1822 ஆண்டுகளில் லண்டனை ஒட்டிய ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் நின்று, மேகங்களை எண்ணெய் வண்ணத்தில் தாளில் தீட்டினார். பல தாள்களின் பின்புறம் தேதி, நேரம், காற்றின் திசை ஆகியவற்றைக் குறித்தும் வைத்தார். இளமையில் தந்தையின் காற்றாலையில் வேலை பார்த்தவர். வானம் பார்க்கத் தெரியாமல் அங்கே காலம் தள்ள முடியாது. நிலக்காட்சியில் உணர்வைச் சுமப்பது வானமே என்று நண்பர் ஜான் ஃபிஷருக்கு எழுதியவரும் அவரே.

இந்தப் பயிற்சிக்குக் கோவையைப்போல வாய்த்த ஊர் அரிது. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஜூன் முதல் செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவக்காற்று கொங்கு நாட்டுக்குள் பாய்கிறது. பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் சுழல்வதும் அதே காற்றில்தான். கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு வரும் மேகங்கள் இங்கே பெரும்பாலும் தூறலோடு கடந்துவிடும். உழவரை ஏங்கவைக்கும் இந்த மழைமறைவு, வெளியில் உட்கார்ந்து வரைபவருக்கு வசதி.

ஆலாந்துறைப் பக்கம் மேற்கே பார்த்து உட்கார்ந்தால் வெள்ளியங்கிரி மலை தெரியும். அதையும் சேர்ப்பதானால் தாளின் அடியில் ஐந்தில் ஒரு பங்கு போதும். ஆடிக்காற்றில் நீர்வண்ணம் சட்டென்று காய்ந்துவிடுவதால், தாள் முழுவதையும் ஒரேயடியாக நனைக்காமல் பகுதி பகுதியாக வேலை செய்ய வேண்டும். மேகச் சாம்பலுக்கு அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் சியென்னா கலந்தால் உயிருள்ள நிறம் கிடைக்கும். வெண்மைக்குத் தாளையே விட்டுவைப்பது நல்லது. குவிந்த மேகங்களின் அடிப்பக்கம் தட்டையாக இருக்கும். மலையை நெருங்க நெருங்க அவை சிறுத்து அடுக்காகும்.

சில நிமிடங்களில் மேகம் உருமாறிவிடும். புதிதாக வரைபவர் ஒவ்வொரு மாற்றத்தையும் துரத்தித் தாளைக் குழப்பிவிடுவார். முதலில் கண்ட வடிவத்திலேயே நின்று மற்றதைப் போகவிடப் பழகுவதற்கு ஒரு பருவமே பிடிக்கும். அவிநாசி சாலையிலுள்ள கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடத்துச் சுவரை மனத்தில் வைத்து வரைந்தால் அந்தப் பழக்கம் வராது. இவை காட்சிக்கு வைக்கும் படங்கள் அல்ல.

மனத்தை வளர்ப்பது, கான்ஸ்டபிளைப்போலத் தாளின் பின்புறம் எழுதும் குறிப்புதான். நேரம், காற்று, ஒளி வரும் பக்கம் இவற்றோடு, வரைந்தவர் அன்று எந்த மனநிலையில் இருந்தார் என்பதையும் ஒரு வரியில் எழுதிவைக்கலாம். சில மாதம் கழித்துத் தாள்களைப் பரப்பிப் பார்த்தால், எந்தக் கருமை வானத்திலிருந்து வந்தது, எது வரைந்தவரின் மனத்திலிருந்து வந்தது என்று பிரித்தறிய முடிகிறது. தன் சோர்வை உலகத்தின் நிறமாக எண்ணிக்கொள்ளும் வழக்கம் இந்த ஒப்பீட்டில் தளர்கிறது. உணர்ச்சி அதனால் வற்றிவிடுவதில்லை. எதன்மீது எழுகிறது என்பது தெளிவாகிறது. இதைவிட நேர்மையான சுயபரிசோதனை ஓவியருக்குக் கிடைப்பது கடினம்.

ஜெர்மானிய ஓவியர் காஸ்பார் டேவிட் ஃப்ரீட்ரிக், 1813இல் எல்பே மணற்கல் மலைகளில் பென்சிலால் வரைந்த பாறைகளைச் சுமார் 1818இல், மூடுபனிக் கடலுக்கு மேல் நிற்கும் பயணியின் படத்தில் சேர்த்தார். அதுபோல ஆடியில் சேர்த்த தாள்களை மார்கழியில் அறைக்குள் வைத்துப் பெரிய படமாக்கலாம். அப்போது நேரமும் ஒளித்திசையும் ஒத்துப்போகும் தாள்களையே எடுக்க வேண்டும். காலை ஒளியும் மாலை ஒளியும் ஒரே வானத்தில் கலந்தால் நிழல்கள் பொய்யாகிவிடும்.