விடியலுக்கு முன்னால் தூத்துக்குடி

தூத்துக்குடிக்குப் போகிறவர்கள் பனிமய மாதா கோவிலைப் பார்ப்பார்கள்; மக்ரூன் வாங்குவார்கள்; பொழுதிருந்தால் கடற்கரையில் காற்று வாங்குவார்கள். அதிகாலை மூன்று மணிக்கு அந்த ஊர்க் கடற்கரைச் சாலையைப் பார்த்தவர்கள் உங்களில் எத்தனை பேர்? நான் பார்த்தேன். அதுவும் ஆட்டோ ரிக்‌ஷாவில் உட்கார்ந்து, மடியில் நான்கு தண்ணீர்ப் பாட்டில்களும் ஒரு சீப்பு வாழைப்பழமுமாக, முன்னால் ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியைத் துரத்திக்கொண்டு!

அந்தப் பெண்மணி என் கல்லூரித் தோழி. கம்பெனிகளுக்குப் புகைப்படம் எடுப்பது அவள் தொழில். ஆண்டறிக்கைகளில் வழவழப்பான தாளில் டைரக்டர்கள் வரிசையாகச் சிரித்துக்கொண்டு நிற்பார்களே, அந்தச் சிரிப்பை வரவழைப்பவள் இவள்தான். போதாக்குறைக்கு, ஜனவரி மூன்றாவது ஞாயிறன்று நடக்கும் மும்பை மாரத்தானில் ஓடுவதாகவும் பெயர் கொடுத்துவிட்டாள். 2004ல் தொடங்கிய ஓட்டம் அது. ஓடுகிறவர்கள் விரும்பினால் ஒரு தர்ம ஸ்தாபனத்துக்காக நன்கொடையும் திரட்டலாம். புற்றுநோயால் வாடும் குழந்தைகளுக்காக என்று சொல்லி, உறவினர் ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டு வாங்கியிருந்தாள். தூரம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர்!

முத்துக்குளித்த கடலைப் பார்க்க நான் புறப்பட்டபோது, துறைமுகத்தில் படம் எடுக்க அவளும் வந்தாள். ரயிலில் மெதுவாக, "வாங்கின பணத்தையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று பார்க்கிறேன்" என்றாள்.

காரணம் இதுதான். மாரத்தானுக்கு நாலு மாதப் பயிற்சி வேண்டும். வாரத்தில் ஒரு நாள் நீண்ட ஓட்டம். அதையும் இரண்டு மூன்று கிலோமீட்டராகத்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். விட்டுப்போனதை ஒரே நாளில் சேர்த்து ஓடினால் காலுக்குத்தான் கேடு. பழகாத உடம்பில் 30 கிலோமீட்டர் தாண்டும்போது தசையில் சேர்ந்திருக்கும் சர்க்கரைச் சத்து தீர்ந்து, காலை எடுத்து வைப்பதே மலையாகிவிடும். அவளோ வெளியூர் வேலைகளால் இரண்டு வாரம் தவறவிட்டிருந்தாள். மூன்றாவது வாரம் தூத்துக்குடி.

ஓடுவதற்கு வெயில் வருமுன் உள்ள வேளை வேண்டும். படத்துக்கும் அதே வேளைதான். கிழக்கே கடலைப் பார்த்த ஊர் அல்லவா? சூரியன் முளைக்கும்போது கிடைக்கும் அரைமணி வெளிச்சத்தில்தான் கப்பல் கப்பலாகத் தெரியும். காற்றாலை இறக்கைகளை ஏற்றிய கப்பல் மறுநாள் புறப்படுகிறது. ஒரே முகூர்த்தத்தில் இரண்டு வீட்டுக் கல்யாணம் வந்த கதைதான்.

சாயங்காலம் கடற்கரையில் உட்கார்ந்தோம். அந்த நீரின் அடியில் உள்ள பாறைத் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். முத்துச் சிப்பி அங்கேதான் படியும். மார்ச், ஏப்ரலில் கடல் அமைதியாயிருக்கும்போது, கல்லின் பாரத்தில் விர்ரென்று இறங்கி, ஏறக்குறைய ஒரு நிமிஷம் மூச்சை அடக்கிச் சிப்பி பொறுக்குவார்கள். 1961க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு இல்லை. சங்கு குளிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குளிக்கிறவனைவிட மேலே தோணியில் கயிறு பிடிக்கிறவனைப் பற்றித்தான் ஊரில் அதிகம் பேசுகிறார்கள். கயிறு அசைந்தவுடனே இழுக்க வேண்டும். ஆகையால் மனைவியின் உடன்பிறந்தவனையே அந்த இடத்தில் வைப்பார்களாம். தங்கையின் தாலி அவன் கையில் இருக்கிறதே, கண்ணயர்வானா?

"சரி, நாளைக்கு நான் கயிறு பிடிக்கிறேன். எத்தனை மணிக்கு?" என்றேன். அந்த வீறாப்பின் பலன்தான் ஆட்டோவும் வாழைப்பழமும்.

வழியில் ரோச் பூங்கா இருளில் கிடந்தது. துறைமுகச் சாலைக்கு வந்ததும் எனக்கு வ.உ.சி. நினைவு வந்தது. 2011 முதல் துறைமுகத்துக்கு அவர் பெயர்தானே? 1906ல் சுதேசிக் கப்பல் கம்பெனிக்காகப் பங்கு ஒன்று 25 ரூபாய் என்று ஊர் ஊராகக் கேட்டவர் அவர். "சித்தப்பாவிடம் கேட்கவே எனக்குக் கூச்சமாயிருந்தது" என்று முன்தினம் சொன்னவள், இப்போது பேச மூச்சில்லாமல் ஓடிக்கொண்டிருந்தாள்.

பத்தாவது கிலோமீட்டரில் இருபுறமும் உப்பளம். எங்களைத் தவிர யாருமில்லை என்று நினைத்தது எவ்வளவு அசட்டுத்தனம்! டார்ச்சும் தூக்குச் சட்டியுமாகப் பெண்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பகலில் உப்பின் மேல் அடிக்கும் வெயில் கண்ணைப் பறித்துவிடும். அதனால் இருட்டிலேயே உப்பு வாரப் போகிறார்கள்.

ஒரு அம்மாள் நின்று பார்த்தாள். "ஏம்மா, இந்த இருட்டுல என்னத்துக்கு ஓடுதிய? யாரும் தொரத்துதாவளா?"

தோழி தண்ணீர் குடிக்க நின்றாள். விஷயத்தைச் சொன்னோம். "ஓடுனா துட்டு குடுப்பாவளா?" என்று அதிசயித்து, "எங்களுக்கு ஓடி ஓடி வாருனாலும் அதே கூலிதான்" என்று சிரித்துவிட்டுப் பாத்திக்குள் இறங்கிப் போனாள். அதற்குப் பிறகு என் தோழி சற்று நேரம் நடந்தே வந்தாள். கால் வலி என்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது 24 கிலோமீட்டர் முடிந்தது. ஆட்டோக்காரப் பெரியவர் காமிராப் பையை நீட்டினார். கடலுக்கு மேலே வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. அவளுக்கோ கை நடுக்கம் நிற்கவில்லை. முக்காலியில் காமிராவை வைத்துவிட்டு, பாதி மூச்சை விட்டு, மீதியை அடக்கி விசையை அழுத்தினாள். மறுபடி மூச்சு, மறுபடி விசை. இறக்கைகள் ஒவ்வொன்றும் ஒரு தெரு நீளம். பொன் வெயிலில் மெழுகு மாதிரி மின்னின.

எட்டு மணிக்கு இட்லிக் கடையில் இருந்தபோது வீட்டிலிருந்து போனில் படம் வந்தது. மகள் பள்ளிக்கூடம் கிளம்பிவிட்டாள். சடை பின்னியது அப்பா என்பது பார்த்தவுடனே தெரிந்தது: ஒன்று காதுக்கு மேலே, மற்றொன்று கழுத்தருகே. படம் எடுத்தது மாமியார், சற்று ஆடியிருந்தது.

"வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கிறது" என்றாள் என் தோழி, இட்லியைப் பிட்டுக்கொண்டே.