ஓடிய நொடிகளும் ஒளித்திரை நாழிகைகளும்

எழுத்தின் ஒலியை அளப்பதற்குக் கண்ணிமையையும் கைந்நொடியையும் அளவுகோலாகக் கொண்ட இலக்கணம் நம்முடையது. மாத்திரை என்னும் கால அளவுக்குத் தொல்காப்பியர் புறத்தே ஒரு கருவியைத் தேடவில்லை. எவரிடமும் எப்பொழுதும் இருக்கின்ற கண்ணையும் விரலையுமே கருவியாக்கினார். இப்பாடத்தை நடத்தும்போது வகுப்பு முழுவதும் விரலைச் சொடுக்கி மகிழ்வதைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். அண்மைக் காலமாக அப்பாடம் எனக்கு வேறொரு காரணம் பற்றி அடிக்கடி நினைவுக்கு வருகிறது. நம் பிள்ளைகள் நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் ஓடியாடுகிறார்கள், எவ்வளவு நேரம் திரையின்முன் அமர்ந்திருக்கிறார்கள் என்று அளந்து சொல்லுமாறு பள்ளிகள் கேட்கப்படுகின்றன. கேள்வி நல்ல கேள்விதான். எதைக் கொண்டு அளப்பது என்பதில்தான் இடர்ப்பாடு.

5 வயது முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாள்தோறும் 60 நிமிடமேனும் மிதமான அல்லது கடுமையான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2010இல் வரையறுத்தது. அந்த வரையறையைக் கொண்டு 146 நாடுகளைச் சேர்ந்த 11 முதல் 17 வயது வரையிலான ஏறத்தாழ 16 இலட்சம் மாணவர்களின் விடைகளைத் தொகுத்த ஆய்வொன்று 2019இல் வெளிவந்தது. 2016ஆம் ஆண்டு நிலவரப்படி அவர்களில் 81 விழுக்காட்டினர் போதிய அளவு உடலை இயக்கவில்லை, ஆண்பிள்ளைகளில் 77.6 விழுக்காடு, பெண்பிள்ளைகளில் 84.7 விழுக்காடு என்று அது கூறிற்று. செய்தித்தாள்கள் இவ்வெண்ணைப் பெரிதாக வெளியிட்டன. ஆனால், இந்த எண் எந்தக் கருவியிலிருந்தும் வந்ததன்று. கடந்த ஏழு நாள்களில் எத்தனை நாள் ஒரு மணி நேரம் உடலை இயக்கினாய் என்பது போன்ற வினாக்களுக்குப் பிள்ளைகள் தாளில் இட்ட குறிகளே அதற்கு அடிப்படை.

2020இல் அதே நிறுவனம் சொல்லொன்றை மாற்றியது. நாள்தோறும் 60 நிமிடம் என்றிருந்தது, வாரம் முழுவதற்குமாகச் சராசரி 60 நிமிடம் என்றாயிற்று. ஐந்து நாள் 70 நிமிடமும் இரண்டு நாள் 50 நிமிடமும் விளையாடும் சிறுவன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். பழைய கணக்கில் அவன் குறைவுடையவன். புதிய கணக்கில் அவனுடைய 450 நிமிடத்தை ஏழால் வகுத்தால் 64க்கு மேல் வருகிறது, அவன் தேறிவிட்டான். பிள்ளை மாறவில்லை, அவன் கால்களும் மாறவில்லை. சொல் மாறியது, அவ்வளவே. சொல்லுக்கு இத்துணை ஆற்றல் இருக்குமாயின், அச்சொல்லைத் தமிழ்ப் பிள்ளையிடம் எடுத்துச் செல்லும் பொறுப்பு யாருடையது?

மெர்கோங் வட்டாரப் பள்ளியொன்றில் பணியாற்றும் எனக்கு இவ்வினா ஒரு மொழிபெயர்ப்புத் தாளின் வடிவில் வந்து சேர்ந்தது. அதன் மூலம் கனடா நாட்டில் உருவானது. எட்டு வயது முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. உலகில் பல நாடுகளில் பயன்படுவது. அதன் அமைப்பில் நான் மதிக்கும் நுட்பம் ஒன்றுண்டு. எத்தனை நிமிடம் என்று அது கேட்பதில்லை. உடற்கல்வி வேளையில் என்ன செய்தாய், ஓய்வு வேளையில் என்ன செய்தாய், பள்ளி விட்டதும் என்ன செய்தாய், மாலையில் என்ன செய்தாய் என்று பிள்ளையின் நாளைப் பின்தொடர்ந்தே கேட்டுச் செல்கிறது. ஆனால், அதன் முதல் வினாவில் உள்ள விளையாட்டுப் பட்டியலிலோ பனிச்சறுக்கும் பனித்தரை வளைகோற்பந்தும் இடம்பெற்றிருந்தன. மொழிபெயர்த்தவர் அவற்றையும் விடாது தமிழாக்கியிருந்தார். சடுகுடு இல்லை, செப்பாக் தக்ராவ் இல்லை. வார இறுதியைப் பற்றிய வினாவில் 'சனி, ஞாயிறு' என்றிருந்தது. கெடாவில் பள்ளி ஞாயிற்றுக்கிழமை தொடங்கி வியாழக்கிழமை முடிகிறது. வெள்ளியும் சனியுமே விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எத்தனை முறை விளையாடினாய் என்று கேட்டால் எங்கள் பிள்ளை என்ன விடை எழுதும்? "ஐயா, ஞாயிற்றுக்கிழமை நான் பள்ளிக்கூடத்துக்கு வந்துட்டேனே!" என்றான் ஒருவன். மட்டம் போட்டதாக நான் ஐயுறுகிறேன் என்று எண்ணிவிட்டான் போலும்.

சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் இந்திய வாழ்க்கை முறைக்கெனத் தனி வினாத்தாள் ஒன்றை ஆக்கி, அதனை உடலில் அணியும் கருவியோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, 2015இல் வெளியிட்டனர். அது பெரியவர்களுக்கானது. எனினும் வழி அதுதான் என்று எனக்குப் பட்டது. முதலில் மக்களின் நாள் எவ்வாறு கழிகிறது என்று பார். பிறகு வினாவை எழுது.

அத்தாளில் 'விளையாடுவதில்லை' என்று எல்லா இடத்திலும் குறியிட்டிருந்தாள் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி. கூட்டிப் பார்த்தால் வகுப்பிலேயே சோம்பேறி அவள்தான் என்று முடிவு வரும். அவளை அழைத்து, "பள்ளி விட்டு வீட்டுக்குப் போனதும் என்னம்மா செய்வாய்?" என்று கேட்டேன். தாய் மெர்கோங் தொழிற்பேட்டையில் முறை மாற்றி வேலை செய்பவர். இவள் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறாள், வீடு கூட்டுகிறாள், வாளியில் துணி அலசி மாடிப்படி ஏறிக் காயப்போடுகிறாள். வினாத்தாளுக்கு இவையெல்லாம் தெரியவில்லை. பெண்பிள்ளைகளின் 84.7 விழுக்காட்டுக்குள் இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேர் ஒளிந்திருக்கக்கூடும் என்று அன்று எண்ணிப் பார்த்தேன்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சுங்கைப்பட்டாணிப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றின் லயத்தில் வளர்ந்தவன் நான். பெரட்டு முடிந்து பெற்றோர் நிரைக்குப் போனபின், விடுமுறை நாள்களில் மங்கு கழுவவும் ஒட்டுப்பால் பொறுக்கவும் பிள்ளைகள் பின்தொடர்ந்தோம். அக்காலத்துப் பிள்ளைகள் எவ்வளவு சுறுசுறுப்பு, இக்காலத்துப் பிள்ளைகள் எவ்வளவு மந்தம் என்று மேடைகளில் புகழ்ந்துரைப்போர் உளர். நான் அவர்களோடு சேரமாட்டேன். கொசுக்கடியில் ஒட்டுப்பால் பொறுக்கியது வறுமை; உடற்பயிற்சி அன்று. இடுப்பில் தம்பியைச் சுமக்கும் சிறுமியின் உழைப்பைக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் அவளுக்கு விளையாட நேரமில்லை என்பதும் அதே தாளில் தெரிய வேண்டும். இரண்டையும் ஒரே கட்டத்தில் கூட்டிவிட்டால் அவள் உடல்நலத்தைப் பற்றி ஓர் உண்மை கிடைக்கும். அவள் குழந்தைமையைப் பற்றி ஒன்றும் கிடைக்காது.

மனிதரைக் கேட்பதை விட்டுக் கருவியைக் கட்டிவிடலாமே என்பார்கள். டோக்கியோ ஒலிம்பிக் போட்டி முடிந்த மறு ஆண்டு, 1965இல், சப்பானிய நிறுவனம் ஒன்று 'பத்தாயிரம் அடி அளவி' என்று பொருள்படும் பெயரோடு காலடி எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று பலரும் மந்திரம் போல் கூறும் 10,000 அடி என்பது அப்பெயரிலிருந்து வந்ததே; மருத்துவ ஆய்வின் முடிவிலிருந்து வந்ததன்று. எங்கள் பள்ளியில் இத்தகைய கருவிகள் சிலவற்றைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தோம். நாற்காலியில் அமர்ந்தபடியே கருவியைக் கையில் பிடித்து ஆட்டி இரண்டாயிரம் 'நடந்த' வீரன் ஒருவன் மறுநாளே தோன்றினான். முடுக்கமானி இதனினும் நுட்பமானது. உடல் அசையும் வேகமாற்றத்தைப் பதிவது. ஆயினும் இடுப்பில் அதனைக் கட்டிக்கொண்டு மிதிவண்டி ஓட்டினால், கால்கள் உழைக்க இடுப்பு சும்மா இருப்பதால், அது பெரும்பகுதியைத் தவற விடுகிறது. வயல்வரப்பு ஓரமாக மிதிவண்டியில் சுற்றும் பிள்ளைக்கு அது நீதி செய்யாது.

கருவியாளர் கண்ட உண்மை ஒன்றை மட்டும் தமிழாசிரியர் அறிந்துகொள்வது நன்று. 6 முதல் 10 வயது வரையிலான பிள்ளைகள் பதினைவரை உற்றுநோக்கிய அமெரிக்க ஆய்வு ஒன்று 1995இல் வெளியாயிற்று. பிள்ளைகளின் கடுமையான அசைவு ஒவ்வொன்றும் நீடிக்கும் இடைநிலை அளவு 3 நொடி என்றும், அவற்றில் 95 விழுக்காடு 15 நொடிக்குள் முடிந்துவிடுகிறது என்றும் அது கண்டது. ஓடுகிறது, நிற்கிறது, குனிகிறது, மறுபடி பாய்கிறது, அதுதான் பிள்ளை. நொடிக்கணக்கில் வாழும் உயிரிடம் போய், "இன்று எத்தனை நிமிடம் மிதமான உடலியக்கத்தில் ஈடுபட்டாய்?" என்று கேட்பது எவ்வாறு பொருந்தும்?

திரைநேரத்தின் கதை இன்னும் சிக்கலானது. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, அதுவரை 'கைப்பேசியைத் தொடாதே' என்று கூறிய நாமே 'கைப்பேசியைத் திற' என்று கூறினோம். பள்ளிக்கூடமே அதற்குள் போய்விட்டது. 2020இல் வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி, 5 முதல் 17 வயது வரையிலானோர் பொழுதுபோக்குத் திரைநேரத்தைக் குறைக்கவேண்டும் என்கிறதே அன்றி, இத்தனை மணி என்று எல்லை கட்டவில்லை. கனடா நாட்டார் 2016இல் இரண்டு மணி நேரம் என்று எல்லை வைத்தனர், அதுவும் பொழுதுபோக்குக்குத்தான். அப்படியானால் முதலில் பிரித்தறிய வேண்டியது பாடம் எது, பொழுதுபோக்கு எது என்பதாகும். கைப்பேசியே தன் கணக்கைக் காட்டுகிறதே என்றால், எங்கள் பிள்ளைகள் பலரின் வீட்டில் ஒரே கைப்பேசி. அதில் அக்காள் பாடம் படித்த நேரமும், தம்பி விளையாடிய நேரமும், அம்மா சமைக்கும்போது யூடியூப்பில் பாட்டு ஓடிய நேரமும் ஒன்றாகக் கூடிக் கிடக்கின்றன. யார் கணக்கில் எழுதுவது?

எவ்வளவு நேரம் பார்த்தாய் என்று கேட்டால் பெரும்பாலும் வரும் விடை "கொஞ்ச நேரம், ஐயா" என்பதே. ஒரு சிறுவன் மட்டும் துணிந்து, "முப்பது பெர்சன் பார்த்தேன், ஐயா" என்றான். மின்கலத்தில் குறைந்த விழுக்காட்டைத்தான் அப்படிச் சொன்னான். வகுப்பு சிரித்தது, நான் சிரிக்கவில்லை. கண்ணிமையால் காலத்தை அளந்த மரபின் பிள்ளை, தன் கண்முன் உள்ளதைக் கொண்டு தன் காலத்தை அளந்திருக்கிறான். அவன் அளவுகோலை ஏளனம் செய்வதைவிட அதிலிருந்து தொடங்குவது மேல் என்று தோன்றிற்று.

அந்த எண்ணத்தோடு எங்கள் ஆசிரியர் சிலர் சேர்ந்து பிள்ளைகளுக்கான வாரக் குறிப்பேடு ஒன்றை ஆக்கினோம். அதில் மணி இல்லை. எழுந்ததிலிருந்து வேன் வரும் வரை, வேனில், பள்ளியில் மணி அடிக்கும் முன், ஓய்வு வேளையில், வீடு திரும்பியதும், விளக்கு வைக்கும் முன், விளக்கு வைத்த பின், படுக்கையில் என்று நாளைப் பகுத்தோம். வெள்ளிக்கும் சனிக்கும் தனித்தாள். 'மிதமான உடலியக்கம்' என்ற தொடரை நீக்கிவிட்டு, மருத்துவர்கள் கையாளும் எளிய சோதனையையே வினாவாக்கினோம்: அப்போது உன்னால் பேச முடிந்ததா, பாட முடிந்ததா? பேச முடிந்து பாட முடியாமற்போனால் மிதமானது. இரண்டு சொல்லுக்கு மேல் பேசவும் மூச்சு இடந்தராவிட்டால் கடுமையானது. பிள்ளைகளுக்கு இது உடனே விளங்கிற்று. திடலைச் சுற்றி ஓடி வந்து பாடிப் பார்த்துத் தாங்களே தீர்ப்பளித்தார்கள். வேலைக்கு ஒரு கட்டம், விளையாட்டுக்கு ஒரு கட்டம். திரைக்கு மூன்று: பாடம், விளையாட்டு, சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

செகாக் உடற்றகுதித் தேர்வு இருக்க இது எதற்கு என்று ஓர் இளம் ஆசிரியர் கேட்டார். கேட்கத்தக்க கேள்விதான். மூன்று நிமிடம் பலகையில் ஏறி இறங்கி நாடித்துடிப்பை எண்ணும் அத்தேர்வு, உடல் இன்று என்ன நிலையில் இருக்கிறது என்று காட்டும். அந்நிலைக்கு வந்த நாள்களைக் காட்டாது. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பின்னும் உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்துக்குக் 'கடன்' கேட்கும் வழக்கம் நம்மிடையே முற்றாக மறையவில்லை என்பதையும் அது காட்டாது. குறிப்பேட்டில் அதுவும் பதிவாகிவிட்டது. ஆசிரியர் அறையில் சிறிது நேரம் அமைதி நிலவியது.

நாங்கள் எதிர்பாராத செய்தி வேறோர் இடத்தில் இருந்தது. 'மணி அடிக்கும் முன்' என்ற பகுதியில் வேனில் வரும் பிள்ளைகள் பலரும் 'உட்கார்ந்திருந்தேன்' என்றே எழுதியிருந்தனர். வேன்காரர் இரண்டு மூன்று பள்ளிகளுக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்ல வேண்டியிருப்பதால் எங்கள் பிள்ளைகளை விடியும் முன்னே இறக்கிவிட்டுப் போகிறார். சிற்றுண்டிச்சாலைப் பலகைகளில் புத்தகப்பையை அணைத்தபடி, சபைகூடல் வரை அமைதியாக அமர்ந்திருக்க வேண்டும் என்று விதி செய்திருந்தவர்கள் பெரியவர்களாகிய நாம்தாம். திரையும் இல்லை, ஆட்டமும் இல்லை. எந்தக் கணக்கிலும் சேராத நேரம். இப்பொழுது கடமையாசிரியர் ஒருவர் முன்னதாகவே வந்து திடலின் வாயிலைத் திறந்துவிடுகிறார். பைகள் வரிசையாகச் சுவரோரம் கிடக்கின்றன. சட்டை அழுக்காகிறது என்று பெற்றோர் இருவர் முறையிட்டிருக்கிறார்கள். தம்பியைச் சுமக்கும் அந்தச் சிறுமி கயிறு தாண்டுகிறாள். குறிப்பேட்டின் விளையாட்டுக் கட்டத்தில், 'பாட முடியவில்லை, ஐயா' என்று எழுதியிருந்தாள்.