நிலவேம்பும் தெர்மாமீட்டரும்

ஜூலை 8, திங்கள்
நிலவேம்பு காய்ச்சலைத் தணிக்குமா என்று எலிகளில் சோதிக்க விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வந்தாயிற்று. எலி பயந்தாலே உடல்சூடு ஏறும். அதைக் காய்ச்சல் என்று எழுதிவிடக் கூடாது. அதனால் மருந்து ஏதும் கொடுக்காமல், தெர்மாமீட்டர் வைத்துச் சூடு எடுப்பதை மட்டும் பழக்குகிறோம். எலிக்கும் பழக்கம், எனக்கும் பழக்கம்.

ஜூலை 10, புதன்
நிலவேம்புக் குடிநீர் காய்ச்சினேன். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், பற்படாகம், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு என ஒன்பது சரக்கு. கால்பங்காகச் சுண்டுவதற்குள் மூச்சிலேயே கசப்பு ஏறிவிட்டது. நிலவேம்பை மட்டும் எத்தனாலில் ஊறவைத்த சாறும் தயார். அதிலுள்ள ஆண்ட்ரோகிராபோலைடு தண்ணீரில் சரியாகக் கரையாது, ஆல்கஹாலில் கரையும். ஆனால் ஊரில் யார் ஆல்கஹால் சாறு குடிக்கிறார்கள்? இரண்டையும் சோதிக்கத்தான் வேண்டும்.

ஜூலை 11, வியாழன்
காய்ச்சல் வரவழைக்க, மதியம் 3 மணிக்கு ஈஸ்ட் கரைசலை எலிகளின் தோலுக்கடியில் ஏற்றினோம். இனி உடல் அதை எதிர்க்கும். மூளையில் ஹைபோதாலமஸ் பகுதியில் ப்ராஸ்டாகிளாண்டின் கூடி, சூட்டின் அளவுகோலையே உயர்த்திவிடும்.

ஜூலை 12, வெள்ளி
18 மணி நேரம் கழித்துக் காலை 9க்கு முதல் அளவு. சூடு ஏறாதவற்றை விலக்கினோம். மற்றவற்றுக்குத் தண்ணீர், பாராசிட்டமால் (கிலோ எடைக்கு 150 மி.கி.), குடிநீர், சாறு என்று நான்கு பிரிவு. மருந்து ஊற்றியவர் வேறொருவர். எனக்குத் தெரிந்ததெல்லாம் வாலில் இட்ட மைக்குறிதான். இரண்டு கோடு போட்ட எலி 38.9இலிருந்து ஒரே மணி நேரத்தில் 38.1க்கு வந்தது. குடிநீராக இருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது.

ஜூலை 13, சனி
எந்த எலிக்கு எந்த மருந்து என்ற பட்டியலைப் பிரித்தோம். இரண்டு கோடு, பாராசிட்டமால். சாறும் சூட்டைக் குறைத்திருக்கிறது, தாமதமாக. குடிநீர் சில எலிகளில் கேட்டது, சிலவற்றில் அசையவே இல்லை. இதை வைத்து முடிவு எழுத முடியாது. மறுபடி செய்ய வேண்டும்.

ஜூலை 15, திங்கள்
காய்ச்சல் இல்லாத எலிகளுக்கும் குடிநீரையும் சாற்றையும் கொடுத்துப் பார்த்தோம். இயல்பான சூட்டையும் இறக்கினால் அது காய்ச்சலை மட்டும் தணிக்கும் மருந்து அல்ல. நல்லவேளை, இறங்கவில்லை.

இரவு அத்தை போன் செய்தார். "ஏம்மா, டெங்குக்கு நிலவேம்பு கேக்குமா?" என் எலிகளுக்கு வந்தது ஈஸ்ட் காய்ச்சல். சூடு தணிவது ஒன்று, வைரஸ் அடங்குவது இன்னொன்று. பாராசிட்டமாலுக்கும் இதே கதைதான். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரத்தில்தான் ரத்தக்குழாய் கசிந்து ஆபத்து வரும். "கஷாயத்த நம்பி ரத்தப் பரிசோதனைய விட்டுடாதீங்க அத்தை. காய்ச்சல் விட்டப்புறம் வயித்துவலி, வாந்தி வந்தா உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றேன்.