படியெடுத்தலும் பேணலும்

ஒரே வழங்கியினுள்ளே பல மெய்நிகர் கணினிகள் இயங்குகின்றன. அவை அனைத்தையும் நள்ளிரவில் ஒருசேரப் படியெடுக்க முனையின் வட்டும் வலையமைப்பும் திணறும். ஆதலின் இன்றியமையாதவற்றை முதலிலும் ஏனையவற்றை இடைவெளிவிட்டுப் பின்னரும் நிரற்படுத்துவர். ஆயின், நேர அட்டவணை மட்டும் போதுமா என்ற வினா என்னுள் எழுகின்றது. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சற் சேவை தாக்கப்பட்டபோது இணைப்பிலிருந்த காப்புப் படிகளும் பூட்டப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மடல்கள் அழிந்தன. 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளைக்குக் கைகொடுத்தவை வெவ்வேறிடங்களிற் பேணப்பட்ட ஏடுகளே. தமிழ் பயிலும் எனக்கு அவ்வுண்மை புதிதன்று. நேரங் குறிப்பதோடு அமையாது, ஒரு படியையேனும் இணைப்பறுத்து வேறிடத்தில் வைத்தல் வேண்டும். அதனை அவ்வப்போது மீட்டெடுத்துச் சோதித்தலும் வேண்டும் என்பதே என் துணிபு.