நம் பிள்ளைகளும் கடற்கல்வியும்

கோடைகாலச் சனிக்கிழமை காலை. ஜான்-டலோன் சந்தையில் கால் வைக்க இடமில்லை. 1933ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இச்சந்தைக்குக் கத்தரிக்காயும் மிளகாயும் தேடி வரும் தமிழ்க் குடும்பங்கள் பல. அன்றும் ஒரு தாய் கத்தரிக்காய் தெரிந்துகொண்டிருந்தார். உயர்பள்ளியின் கடைசி வகுப்புக்குப் போகவிருக்கும் மகன் பைகளைச் சுமந்துகொண்டு பக்கத்தில் நின்றான்.

"அம்மா, நான் டொக்டருக்குப் படிக்கேல்லை. ரிமூஸ்கியிலை கப்பல் படிப்பு இருக்கு. அதுக்குத்தான் விண்ணப்பம் போடப் போறன்."

தாயின் கை அப்படியே நின்றது.

"என்ன விசர்க் கதை கதைக்கிறாய்? கடலாலை நாங்கள் பட்டது காணாதே?"

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. 1986ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் திகதி, நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மிதந்துகொண்டிருந்தனர். ஜெர்மனியிலிருந்து ஏற்றிவந்த கப்பல் அவர்களை நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. மூடுபனிக்குள் அவர்களைக் கண்டு முதலில் உதவிக்கு வந்தவர் கஸ் டால்டன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர். பின்னர் அவர்களிற் பலர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்து குடியேறினர். அந்தத் தாயின் தமையனும் அப்படகுகளில் ஒன்றில் இருந்தவர். அந்த வீட்டில் கடல் என்றாலே பேச்சு நின்றுவிடும்.

ஆனால் கடல் தமிழருக்குப் புதியதன்று. மாதோட்டத் துறைமுகத்தை அண்டியே திருக்கேதீச்சரம் எழுந்தது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பல் விடுவதற்காக 1906ஆம் ஆண்டு கம்பெனி தொடங்கிய வ. உ. சிதம்பரம்பிள்ளை, 1908இல் சிறை புகுந்தார். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் வாங்கி, தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். 1937ஆம் ஆண்டு இலங்கையை விட்டுப் புறப்பட்ட அக்கப்பல், 1938 ஆகஸ்டில் மாசசூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அதை நடத்தி வந்தவர்கள் தண்டையல் தம்பிப்பிள்ளையும் அவருடன் வந்த வல்வெட்டித்துறை மாலுமிகளுமே. பிள்ளைகளுக்கு அன்னபூரணி அம்மன் கதை சொல்லும் பெற்றோர், அவள் பெயருடன் பிறந்து அத்திலாந்திக்கைக் கடந்த இக்கப்பலின் கதையையும் சொல்ல வேண்டாமா?

இன்று மொன்றியலில் வளரும் பிள்ளைக்கு இத்துறை எட்டாக் கனியல்ல. மொன்றியல் கடலிலிருந்து ஏறத்தாழ 1600 கிலோமீற்றர் உள்ளே இருந்தும் பெருந்துறைமுகமாக விளங்குகிறது. 1964 முதல் பனிக்காலத்திலும் இங்கு கப்பல்கள் வருகின்றன. புனித லாரன்ஸ் நதியில் ஏறிவரும் பெரிய வெளிநாட்டுக் கப்பல்கள், நதியின் ஆழமும் நீரோட்டமும் அறிந்த வழிகாட்டி ஒருவரை ஏற்றியே ஆகவேண்டும். சந்தையிலே நாம் வாங்கும் இஞ்சியும் மஞ்சளும் வாழைப்பழமும் கடல் கடந்தே வருகின்றன. உலக வாணிபத்தில், பொருள்களின் அளவால் பார்த்தால், நூற்றுக்கு எண்பது பங்கு கப்பல்களிலேயே செல்கிறது.

ரிமூஸ்கியில் உள்ள கியூபெக் கடல்சார் கல்லூரி 1944ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. கப்பல் செலுத்தும் படிப்பும் கப்பல் இயந்திரப் படிப்பும் அங்கே பிரெஞ்சு மொழியில் நடைபெறுகின்றன. உயர்பள்ளி முடித்தவர்கள் செஜெப் மாணவர்களாகவே சேரலாம். 1977ஆம் ஆண்டின் மொழிச் சட்டத்தால் பிரெஞ்சுப் பள்ளிக்குப் போன நம் பிள்ளைகளுக்கு மொழி அங்கே தடையல்ல, துணையே. கியூபெக்வாசிகளுக்கு முழுநேரச் செஜெப் படிப்பில் பயிற்சிக் கட்டணம் இல்லை. வகுப்பறைப் படிப்புடன் கப்பலில் கடற்பயிற்சியும் பெறவேண்டும். நோவாஸ்கோசியாவின் சிட்னி நகரில் உள்ள கனடியக் கரையோரக் காவற்படைக் கல்லூரியில் நான்காண்டு அதிகாரிப் பயிற்சி கட்டணமின்றிக் கிடைப்பதோடு, படிக்கும் காலத்திற்குப் பணமும் தருகிறார்கள். படிப்பு முடிந்ததும் குறித்த காலம் அங்கே கடமையாற்ற வேண்டும்.

பெண்பிள்ளைகளுக்கும் இதே வழி திறந்திருக்கிறது. சென்னையைச் சேர்ந்த ரேஷ்மா நிலோபர் நாஹா, ஹூக்ளி நதியில் கப்பல்களை வழிநடத்தும் வழிகாட்டியாக 2018இல் தகுதி பெற்றார். அந்நதியோ மணல்மேடுகளுக்குப் பேர்போனது.

உடல்நலம் பற்றியும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். முதலாவது, நிறப்பார்வை. இரவில் எதிர்வரும் கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கும் வலப்பக்கம் பச்சை விளக்கும் எரியும். இவற்றை வேறுபடுத்தி அறிய முடியாதவர் கப்பல் செலுத்தும் அதிகாரியாக முடியாது. ஆண்பிள்ளைகளில் நூற்றுக்குச் சிலருக்கு இக்குறை பிறவியிலேயே இருக்கும்; பலருக்குத் தெரிவதே இல்லை. சில நிமிடப் பரிசோதனைதான். விண்ணப்பிக்கும் முன்னரே செய்துவிட்டால் பின்னர் ஏமாற்றம் இராது. இரண்டாவது, கடற்குமட்டல். கண் ஒன்று சொல்ல, உட்காது வேறொன்று சொல்ல, மூளை குழம்புவதால் வருவது அது. பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் பழகிவிடும். மூன்றாவது, மாலுமியின் மருத்துவச் சான்று இரண்டு ஆண்டுகளுக்கு மேல் செல்லாது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் மலிந்த நம் குடும்பங்களில், இளமையிலேயே உணவிலும் நடையிலும் கவனம் வேண்டும்.

இத்தொழிலில் இன்பம் மட்டுமே என்று எவரும் சொல்லமாட்டார். தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் பிள்ளை வீட்டில் இல்லாமற் போகலாம். தனிமை வாட்டும். சர்வதேச விதிப்படி ஒவ்வொரு 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேர ஓய்வு உண்டு என்றாலும் வேலை கடினமானது. இதையெல்லாம் அறிந்துகொண்டு விரும்பும் பிள்ளையைத் தடுப்பது ஒன்று. அறியாமலே தடுப்பது வேறொன்று. டொக்டர், எஞ்சினியர் என்ற இரண்டு வாசல்களை மட்டும் காட்டி, ஏனையவற்றை அடைத்துவிட்டால், அவ்வாசல்களில் நுழைய இயலாத பிள்ளைகள் தம்மைத் தோற்றவர்களாக எண்ணிக்கொள்கிறார்கள். அந்த நோய்க்கு மாத்திரை கிடையாது.

அந்தத் தாய் அன்று மாலை தமையன் வீட்டுக்குச் சென்று முறையிட்டார். "அண்ணை, நீங்களாவது அவனுக்குச் சொல்லுங்கோ" என்றார். தமையன் நெடுநேரம் பேசவில்லை. பின்பு மெதுவாகச் சொன்னார்:

"தங்கச்சி, எங்களைக் கடலிலை விட்டிட்டுப் போனவனும் கப்பல்காரன்தான். வந்து எடுத்தவனும் கடல் தெரிஞ்ச மனிசன்தான். அண்டைக்கு எங்கடை படகிலை திசை தெரிஞ்ச ஆள் ஒருத்தனும் இல்லை. இவன் படிக்கட்டும். இனி எங்கையாவது ஒரு படகு தத்தளிச்சால், எடுக்கிற பக்கத்திலை எங்கடை பிள்ளையும் ஒருத்தன் நிக்கட்டும்."

தாய் பதில் சொல்லவில்லை. கண்களைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

அடுத்த சனிக்கிழமை அதே சந்தையில் அதே கத்தரிக்காய்க் கடை. பையைத் தூக்கிய மகனிடம் தாய் கேட்டார்: "ரிமூஸ்கியிலை குளிர் இங்கையிலும் கூடவோ?"

செஜெப் விண்ணப்பங்களின் முதற்சுற்று மார்ச் 1ஆம் திகதியுடன் முடிவடையும். கடல்மேல் ஆசை கொண்ட பிள்ளை வீட்டில் இருந்தால், பெற்றோர் அதற்கு முன் ஒரு நாள் அவர்களைத் துறைமுகத்துக்கு அழைத்துச் செல்லட்டும், கல்லூரிக்கு எழுதி விபரம் கேட்கட்டும், கண்ணைப் பரிசோதிக்கட்டும். முடிவைப் பிள்ளையோடு கூடியிருந்து எடுக்கட்டும். நல்ல வழிகாட்டி கப்பலைத் தன் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோவதில்லை. அது போகவேண்டிய இடத்துக்கே கொண்டுபோகிறார்.