21,000 ரூபாய் காகிதம்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டல. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமான சாக்கைச் சொல்லலாம். ஆனா இந்தத் தடவை காரணம் கார். எங்க வீட்டு 2014 மாடல் வேகன் ஆர், 2025 ஆகஸ்ட் கடைசியில ஜி.எஸ்.டி. ரோட்ல அடிபட்டுச்சு. அதுக்கப்புறம் அலைஞ்ச அலைச்சல்ல ஒரு விஷயம் தெரிஞ்சுது. உங்க வீட்லயும் பழைய கார் இருந்தா உதவும். நடுவுல கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கோங்க.

விபத்தைப் பத்தி சொல்ல பெரிசா ஒண்ணும் இல்ல. சிக்னல்ல நின்னுட்டிருந்தேன். பின்னாடி வந்த லாரி இடிச்சுது. இடிச்ச வேகத்துல நான் போய் முன்னாடி நின்ன பஸ்ஸை இடிச்சேன். முன்னாடியும் போச்சு, பின்னாடியும் போச்சு. வண்டியில நான் மட்டும்தான், எனக்கு ஒரு கீறல் கூட இல்ல. ஆனா அம்மாவுக்கு வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். அந்த கார் அதுக்காகவே ஓடிட்டிருந்த கார். அதனால "மெதுவா பாத்துக்கலாம்"னு உக்கார முடியல.

முதல்ல எல்லாரும் கேட்ட கேள்வி: "லாரிக்காரன் இன்சூரன்ஸ்ல வாங்க வேண்டியதுதானே?" வாங்கலாம். மூணாம் நபர் காப்பீட்டுல பொருள் சேதத்துக்கு 7.5 லட்சம் வரை இடம் இருக்கு. ஆனா அதுக்கு எஃப்.ஐ.ஆர். போட்டு, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துல மனு போட்டு, வாய்தா வாய்தாவா நடக்கணும். அடுத்த வாரம் அம்மாவைக் கூட்டிட்டுப் போக கார் வேணும்னா, நம்ம பாலிசியில கேக்கறதுதான் வழி. எங்களுது முழு காப்பீடு, அதனால தப்பிச்சோம். வெறும் தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தா நம்ம வண்டிக்கு நயா பைசா வராது.

இப்ப கணக்கு. பாலிசியில ஐ.டி.வி.ன்னு ஒரு எண் இருக்கும். வண்டி மொத்தமா போனா கம்பெனி அதிகபட்சம் தர்ற தொகை அதுதான். 5 வருசம் வரைக்கும் அதுக்கு ஒரு தேய்மான அட்டவணை உண்டு. அதுக்கு மேல போனா நாமளும் கம்பெனியும் பேசி ஒத்துக்கற தொகை. எங்க வண்டிக்கு 1,60,000.

ஷெட்ல குடுத்த எஸ்டிமேட் 2,55,000. சர்வேயர் வந்து பாத்தார். 10 வருசம் தாண்டின வண்டிக்கு இரும்பு பாகங்கள்ல பாதிதான் கம்பெனி தரும். பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, ஏர்பேக் எல்லாம் வண்டிக்கு என்ன வயசா இருந்தாலும் பாதிதான். கண்ணாடிக்கு மட்டும் தேய்மானம் கிடையாது. இப்படியெல்லாம் கழிச்சு அவர் போட்ட கணக்கு 1,34,000. ஐ.டி.வி.யில 75 சதவீதத்தைத் தாண்டினா வண்டியை 'டோட்டல் லாஸ்'னு முடிச்சிடுவாங்க. 1,60,000ல 75 சதவீதம் 1,20,000. தாண்டிடுச்சு. வண்டி காலி.

உண்மையைச் சொன்னா எனக்கு நிம்மதிதான். ரிப்பேர்னு போயிருந்தா மிச்சம் 1,21,000 நம்ம கையை விட்டுப் போயிருக்கும், அதுவும் 11 வயசு வண்டிக்கு.

இதுக்கப்புறம்தான் மேட்டரே.

டோட்டல் லாஸ்னா கம்பெனி வண்டியை எடுத்துட்டு 1,60,000 குடுத்துடும்னுதான் நாம நினைப்போம். அப்படி நடக்கல. நொறுங்கின வண்டிக்கு விலை கேட்டு, அதிகமா கேட்ட ஆளை கம்பெனியே நம்மகிட்ட அனுப்பி வச்சாங்க. அவர் 52,000 நம்மகிட்ட தருவார். கட்டாயக் கழிவு 1,000, இந்த 52,000 ரெண்டும் போக மிச்சம் 1,07,000 கம்பெனி தரும். கூட்டினா 1,59,000.

அந்த ஆள் வந்தார். ரொம்ப மரியாதையான மனுசன். கையில ஃபார்ம் 29, ஃபார்ம் 30. வாங்கறவர் பேர் இருக்க வேண்டிய இடம் காலி, தேதியும் காலி. "இங்க இங்க கையெழுத்து போட்டு ஆர்.சி. புக் குடுத்துடுங்க சார், இப்பவே பணம் அனுப்பிடறேன்"னார்.

"யார் பேருக்கு மாத்தறீங்க?"

"அது பின்னாடி பாத்துக்கலாம் சார். எல்லாரும் இப்படித்தான் குடுக்கறாங்க."

நான் யோசிச்சது இதுதான். இரும்புக்கு வந்தவருக்கு ஆர்.சி. எதுக்கு? காயலான் கடைக்குப் போற வண்டிக்கு புக் எதுக்கு? அவர்கிட்டயே கேட்டேன், "ஆர்.சி. இல்லாம வண்டி மட்டும்னா எவ்வளவு?" பட்டுனு பதில் வந்துது: "31,000 சார்."

அப்ப வித்தியாசம் 21,000. அது அந்தக் காகிதத்துக்கு.

காகிதத்துக்கு ஏன் அவ்வளவு விலைன்னு பாத்தா, நல்ல காரணமும் உண்டு, கெட்ட காரணமும் உண்டு. யாராவது நிஜமாவே டிங்கரிங் பண்ணி மறுபடி ரோட்ல ஓட்டலாம். இல்ல, திருட்டு வண்டி ஒண்ணுல நம்ம சேசிஸ் நம்பரையும் பதிவு நம்பரையும் ஏத்தி, அதே ஆர்.சி.யோட ஓட்டலாம். எதுவா இருந்தாலும் பேர் மாறாத வரைக்கும் வண்டி எங்கப்பா பேர்ல இருக்கும். 2018 பிப்ரவரியில உச்ச நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு வழக்கு வந்துது. வண்டி பல கை மாறிப் போனதுக்கு அப்புறம் விபத்து. பதிவுல யார் பேர் இருக்கோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவர்தான் பொறுப்புன்னு தீர்ப்பு வந்துது. "நான் எப்பவோ வித்துட்டேங்க"ன்னு சொல்றது எடுபடல.

அதனால, "ஆர்.சி.யை ரத்து பண்ணிட்டுத்தான் வண்டியைக் குடுப்பேன், ஆர்.சி. இல்லாத கணக்குல செட்டில் பண்ணுங்க"ன்னு கம்பெனிக்கு மெயில் போட்டேன். இப்ப கணக்கைப் பாருங்க. 1,60,000ல 1,000 போச்சு, 31,000 போச்சு, கம்பெனி தர வேண்டியது 1,28,000. வாங்கறவர் தர்றது 31,000. மொத்தம் அதே 1,59,000! நம்ம கைக்கு ஒரு ரூபாய் கூட குறையல. அந்த 21,000 கம்பெனி தலையில விழுது. எல்லாரும் ஏன் "இப்படித்தான் சார் குடுப்பாங்க"ன்னு சொல்றாங்கன்னு அப்பதான் புரிஞ்சுது.

அப்பாவுக்குப் பிடிக்கல. "டேய், நொறுங்கின வண்டிக்கு ஏன்டா இவ்வளவு சட்டம் பேசற? கையெழுத்து போட்டா நாளைக்கே பணம் வருது. உங்கம்மா எத்தனை நாள் ஆட்டோவுல குலுங்கிட்டுப் போவா?" அவர் சொன்னதும் நியாயம்தான். என்கிட்ட உடனே பதில் இல்ல. அம்மாதான், "நான் ஆட்டோவுலயே போய்க்கறேன், அவன் முடிக்கட்டும்"னாங்க.

மூணு வாரம் ஆச்சு. கம்பெனிகிட்ட போன்ல பேசினப்பல்லாம் "முடியாது"தான். "முடியாதுங்கறதை எழுத்துல குடுங்க, நான் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்கிட்ட போய்க்கறேன்"னு மெயில் போனதும் ஒத்துக்கிட்டாங்க. வண்டி ஓட லாயக்கில்லாம போனா 14 நாளுக்குள்ள, இல்லைன்னா முடிஞ்ச சீக்கிரம், ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிச்சு ஆர்.சி.யை ஒப்படைக்கணும்னு மோட்டார் வாகனச் சட்டம் 55வது பிரிவே சொல்லுது. சேசிஸ் நம்பர் இருந்த தகட்டை வெட்டி எடுத்துட்டுப் போய் ஒப்படைச்சோம். அந்த மூணு வாரத்துல 9 தடவை ஆஸ்பத்திரி, போக வர 600 வீதம் 5,400 ரூபாய். நிம்மதிக்கு நான் குடுத்த விலை அதுதான்.

வண்டி வாங்கின கதை சுருக்கமா. 2025 செப்டம்பர் 22லேர்ந்து சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமா குறைஞ்சுது இல்லையா, ஆபீஸ்ல ஒரு அண்ணன் புது கார் புக் பண்ணிட்டு அவரோட 2016 செலேரியோவை விக்கறதா சொன்னார். 2,60,000. இன்சூரன்ஸ் பணம் போக ஒரு லட்சத்து சொச்சம் கைக்காசு. ஒத்தைக் கார், ஒத்தை ஓனர், சர்வீஸ் பில் எல்லாம் கோப்புல இருந்துது. பழைய கார் வாங்கறவங்க கவனிக்க: 14 நாளுக்குள்ள பாலிசியையும் நம்ம பேருக்கு மாத்தணும். இல்லைன்னா தேர்ட் பார்ட்டி மட்டும் நம்மகூட வரும், நம்ம வண்டி சேதத்துக்கு ஒண்ணும் வராது. கிளெய்ம் வாங்கினதுல எங்களோட 50 சதவீத நோ கிளெய்ம் போனஸும் பூஜ்யம் ஆச்சு, அதையும் செலவுல சேத்துக்கோங்க.

எல்லாரும் கடைசித் தொகையைத்தான் பேரம் பேசறோம். அது ரெண்டு வழியிலயும் ஒண்ணாவே இருக்கலாம். அதனால முதல்ல கேக்க வேண்டிய கேள்வி, ஆர்.சி.யோடவா, ஆர்.சி. இல்லாமலா?

வீட்டுப் பழைய வண்டியை டோட்டல் லாஸ்லயோ புரோக்கர்கிட்டயோ குடுத்தவங்க, இன்னிக்கே பரிவாகன் தளத்துல அந்த நம்பரை அடிச்சுப் பாருங்க. யார் பேர்ல இருக்குன்னு பாத்துட்டு வந்து பின்னூட்டத்துல சொல்லுங்க.