எங்கே எடுத்தாய்?

அதிராம்பட்டினத்தில் பிறந்து கல் சேர்க்கும் ஆசை வந்தவர்கள் பாவம். தோண்டினால் வண்டல், அதன் கீழே களி, அதன் கீழே மணல். அம்மியும் ஆட்டுக்கல்லும்கூட வெளியூரிலிருந்து வண்டி ஏறி வந்தவைதான். 1010இல் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது. அதனால் இந்தக் கரையில் ஒரு கல் கையில் கிடைத்தால், அது என்ன கல் என்று கேட்பதற்கு முன் இன்னொன்றைக் கேட்க வேண்டும்: எங்கே எடுத்தாய்?

நிலவியல் படித்தவன் என்பதால் என்னிடம் கல் கொண்டுவருவார்கள். விண்கல் என்று வருவது பெரும்பாலும் பட்டறைக் கசடு. உடைத்தால் உள்ளே குமிழ் குமிழாக ஓட்டை. விண்கல்லில் அப்படி இருப்பது மிக அபூர்வம். டைனோசர் முட்டையும் வரும். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளம் தூர்வாரியபோது பெரிய உருண்டைகள் வெளிப்பட்டு, முட்டைதான் என்று பரபரப்பானது. அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிரைச் சுற்றிப் படிந்து இறுகிய உருண்டைகள் அவை என்றார்கள் வல்லுநர்கள். கல் பொய் சொல்லவில்லை. அந்த மண் ஒரு காலத்தில் கடலடி என்று தெரிந்தவருக்கு அந்த இடமே பாதி விடையை முன்பே சொல்லியிருக்கும்.

சென்ற மே மாதம் அதிராம்பட்டினத்திலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் செருப்புப் பெட்டியோடு வந்தான். அட்டை தடுத்து அறை அறையாக வைத்திருந்தான். வல்லத்துப் படிகம் ஒன்று; ஒரு காலத்தில் மூக்குக் கண்ணாடிக்காகத் தஞ்சாவூரில் பட்டை தீட்டிய அதே வகை. அரியலூர் நத்தைக்கல் ஒன்று. ஒவ்வொன்றின் கீழும் பெயர் எழுதியிருந்தான். எடுத்த இடம் எதிலும் இல்லை. கடைசி அறையில் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தகடு, மீன் வால் போலப் பிளந்த முனையோடு.

“வைரமா சார்?”

“வல்லத்துக் கல்லோட சில்லா இருக்கும்,” என்றேன், வாங்கிக்கூடப் பார்க்காமல்.

“இல்ல சார். எங்க அப்பாயி அளத்துல எடுத்துச்சு.”

மறுநாள் விடியலில் அவனோடு உப்பளத்துக்குப் போனேன். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை அது. ஆண்கள் பலகையால் உப்பை வாரி வரப்போரம் ஒதுக்க, பெண்கள் கூடையில் சுமந்து மேட்டில் கொட்டினார்கள். அவன் அப்பாயிக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். குதிகால் வெடிப்பில் உப்பு வெள்ளையாகக் கோடு போட்டிருந்தது.

தகட்டைக் காட்டியதும் சிரித்துவிட்டார். “இந்தச் சனியனையா பெட்டியில வச்சிருக்கே? காலைக் கிழிக்கிற கல்லுல்ல இது!” நகத்தால் ஓர் இழுப்பு இழுத்தார். கோடு விழுந்தது. நான் முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனை. படிகக் கல் கண்ணாடியையே கீறும். கடின அளவுகோலில் படிகம் ஏழு. நகம் இரண்டரை. நகத்துக்கே கீறல் விழும் இது இரண்டு: ஜிப்சம். நாக்கில் வைத்தால் கரிக்காது, அதனால் உப்பும் இல்லை. மெல்லிய ஏடாகப் பிரித்து வளைத்தால் வளைந்தபடியே நிற்கும். அப்பிரகம் என்றால் விட்டதும் நிமிர்ந்துகொள்ளும்.

“எந்தப் பாத்தியில எடுத்தீங்கம்மா?”

உப்பு விளையும் பாத்தியைத் தாண்டி, அதற்கு முந்தைய பாத்திக்குக் கூட்டிப்போனார். கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரி அடர்த்தியில் உள்ளே வருகிறது. பாத்தி மாறி மாறி வெயிலில் சுண்டச் சுண்ட டிகிரி ஏறும். பதின்மூன்று, பதினைந்தைத் தொடும்போது ஜிப்சம் பிரிந்து தரையில் படியும். இருபத்தைந்தில்தான் உப்பு. முப்பதை நெருங்கினால் மிஞ்சிய கசப்பு நீரை வெளியேற்றிவிட வேண்டும். முந்தைய பாத்தியிலேயே ஜிப்சம் இறங்கிவிட்டால் உப்பு சுத்தமாக வரும். மேற்பார்வையாளர் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு டிகிரி பார்க்கிறார். அப்பாயிக்குக் குழாய் வேண்டாம். “பாதத்துல நறநறன்னா இந்தக் கல்லு எறங்கிருச்சுன்னு அர்த்தம். அப்புறம் தண்ணிய அடுத்ததுக்குத் திருப்பலாம்.”

டீ கொதித்துக்கொண்டிருந்த அடுப்பின் ஓரத்தில் ஒரு சில்லை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி மங்கி, சுண்ணாம்பு போல வெளுத்து உதிர்ந்தது. “இதோட எடையில அஞ்சுல ஒரு பங்கு தண்ணி,” என்றேன்.

“கல்லுக்குள்ள தண்ணியா?” என்றான் பையன்.

வெளுத்த பொடிதான் மருத்துவமனையில் எலும்பு முறிவுக்குப் போடும் மாவு என்றதும் அப்பாயி இடது மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். வரப்பில் வழுக்கி விழுந்து ஒன்றரை மாதம் மாவுக்கட்டோடு இருந்தாராம். அந்த நாட்களுக்குக் கூலி கிடையாது. “காலைக் கிழிச்ச கல்லுதான் கையை ஒட்டவச்சுதா?” என்று அந்தத் தகட்டைக் கொஞ்ச நேரம் கீழே போடாமல் வைத்திருந்தார்.

பையனுக்கு ஏமாற்றம் தீரவில்லை. மெக்சிகோவில் நைக்கா சுரங்கத்தில் 2000ஆம் ஆண்டு ஒரு குகை கண்டுபிடித்தார்கள். இதே ஜிப்சம் அங்கே பதினோரு மீட்டர் நீளத் தூண்களாக வளர்ந்து கிடக்கிறது என்றேன். வெந்நீரில் லட்சக்கணக்கான ஆண்டுகள் ஊறி வளர்ந்தவை. அவன் பாத்தியைப் பார்த்தான். “இது எத்தனை வருஷம் சார்?”

“அப்பாயியைக் கேளு.”

“போன வருஷம் மழைக்கு முந்தி இந்தப் பாத்தியைச் சுரண்டினோம். அப்ப இது இல்ல,” என்றார் அவர், கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே.

திரும்பும்போது பையன் என் பேனாவைக் கேட்டான். பெட்டியை மடியில் வைத்து, கடைசி அறையில் ‘வைரம்?’ என்றிருந்ததை அடித்தான். ‘ஜிப்சம்’ என்று எழுதினான். கொஞ்சம் யோசித்து அதன் கீழே சேர்த்தான்: ‘அதிராம்பட்டினம். உப்புப் பாத்திக்கு முந்தைய பாத்தி. எடுத்தவர்: அப்பாயி.’